மேய்ச்சல் கோழி முட்டை: மகனுக்கு அம்மாவின் கணக்கு

சுங்கை பாக்காப்,
பினாங்கு.

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் நலம். உன் நலத்தையும் மருமகள் நலத்தையும் அறிய ஆவல்.

கோலாலம்பூர் வேலையை விட்டுவிட்டு நிபோங் திபால் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்து, 2,000 கோழிகளைத் திறந்தவெளியில் மேயவிட்டு முட்டை வியாபாரம் செய்யப் போவதாக நீ அனுப்பிய கணக்குத் தாளை நானும் அப்பாவும் இரண்டு இரவு உட்கார்ந்து படித்தோம். நீ ஊருக்குத் திரும்பி வரப் போகிறாய் என்ற நினைப்பே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அன்று தொலைபேசியிலேயே பதில் சொல்லியிருந்தால் ‘வா’ என்று மட்டும்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் நிதானமாக எழுத உட்கார்ந்தேன்.

செலவுப் பக்கத்தைச் சரியாகவே போட்டிருக்கிறாய். ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் தீவனம் தின்கிறது. 50 கிலோ மூட்டையை நான் 100 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்குவதால், கோழி ஒன்றுக்கு ஒரு நாள் தீவனச் செலவு 24 காசு ஆகிறது. நம்மிடம் உள்ள 300 கோழிகளும் ஒரே வயதில் இல்லை. வெயிலும் மழையும் வேறு இருக்கின்றன. ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நூறு கோழிக்கு நாளொன்றுக்கு எழுபது முட்டைதான் கிடைக்கிறது. ஆகவே முட்டை ஒன்றுக்குத் தீவனம் மட்டும் 34 காசு. முட்டையிடத் தொடங்கும் பருவத்தில் 25 வெள்ளிக்கு வாங்கிய விடைக்கோழியை முட்டை குறைந்த பிறகு 10 வெள்ளிக்கு விற்பதால் வரும் தேய்மானமும் இடையில் செத்துப்போகும் கோழிகளும் சேர்ந்து 6 காசு. தடுப்பூசி, உமி, மின்சாரம் 3 காசு. பெட்டியும் பெட்ரோலும் 6 காசு. மொத்தம் 49 காசு. இதில் எங்கள் இருவர் உழைப்புக்கும் கூலி போடவில்லை.

தவறு வரவுப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாளொன்றுக்குக் கிடைக்கும் 1,400 முட்டைகளும் பத்து முட்டைப் பெட்டி 8 வெள்ளிக்கு, அதாவது ஒன்று 80 காசுக்கு, விற்றுவிடும் என்று எழுதி, கூலிக்கு முன் மாதம் 13,000 வெள்ளி மிஞ்சும் என்று முடித்திருக்கிறாய். கோழி இட்டுவிட்டால் முட்டை விற்றதாகாது, தம்பி. நம் வீட்டில் நாளொன்றுக்குக் கிடைக்கும் 210 முட்டைகளில் 140தான் 80 காசுக்குப் போகின்றன. மீதி 70 முட்டைகளைக் கூண்டுக்கோழி முட்டையின் விலையான 40 காசுக்கே கடைக்காரரிடம் கொடுக்கிறேன். ஒவ்வொன்றிலும் 9 காசு நட்டம். எல்லாம் 80 காசுக்குப் போனால் மாதம் 1,950 வெள்ளி நிற்க வேண்டிய இடத்தில் 1,100 வெள்ளிதான் நிற்கிறது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-இலிருந்து 1,700 வெள்ளி. ஓர் ஆளை வைத்துப் பார்த்தால் நம் பண்ணை அந்த ஆளுக்கே சம்பளம் கொடுக்காது.

இதே கணக்கை உன் 2,000 கோழிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். பாதி முட்டையை 40 காசுக்குத் தள்ளிவிட நேர்ந்தால் உன் 13,000 வெள்ளி 4,620 ஆகிவிடும். இரண்டு ஆள் வைத்தால் 3,400 போய்விடும். மீதி 1,220 வெள்ளியில்தான் குத்தகை, வேலி, கடன் தவணை, உங்கள் சாப்பாடு எல்லாம்.

வாரத்துக்கு 980 பெட்டிகள். அவற்றை வாங்கும் 980 வீடுகள் எங்கே இருக்கின்றன என்று உன் தாளில் ஒரு வரியும் இல்லை. எனக்கு நூறு வீடுகள் சேர ஆறு ஆண்டுகள் ஆயின. கோயிலில், கல்யாண வீட்டில், பசாரில் ஒருவர் சொல்லி ஒருவராக வந்தவர்கள் அவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டை ஓட்டிலேயே எண் அச்சிட்டிருக்கும்: 0 என்றால் இயற்கை வேளாண்மை, 1 திறந்தவெளி, 2 கொட்டகைத் தரை, 3 கூண்டு. கோழியையே பார்க்காதவரும் ஓட்டைப் பார்த்து விலை கொடுக்கலாம். இங்கே ‘கம்பத்து முட்டை’, அதாவது கிராமத்து முட்டை, என்று சொன்னால் யார் சொல்கிறார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். என் முகத்தை நம்பித்தான் இரட்டிப்பு விலை கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை ஒரே நாளில் ஆயிரம் வீடுகளில் உண்டாக்க முடியாது.

2022 இறுதியில் முட்டைத் தட்டுப்பாடு வந்தது உனக்கு நினைவிருக்கும். தாத்தா பிறந்த நாமக்கல்லிலிருந்து கப்பலில் முட்டை வந்திறங்கிய காலம் அது. அப்போது முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்றார்கள். சொன்ன விலையைக் கொடுத்தார்கள். அப்பாவும் நானும் மயங்கிப்போய் இன்னும் 150 கோழிகள் வாங்கினோம். அவை முட்டையிடத் தொடங்குவதற்குள் கடைகளில் முட்டை நிறைந்துவிட்டது, வாசலில் நின்றவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அந்த உபரியை நகரத்துக் கடை ஒன்று பெட்டி 7 வெள்ளிக்கு எடுத்துக்கொண்டது. பணம் வர இரண்டு மாதங்கள் ஆயின, உடைந்ததையெல்லாம் என் கணக்கில் கழித்தார்கள். அந்த ஆண்டு உன் தங்கையின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் கைவைத்தோம் என்பதை உனக்குச் சொல்லாமல் இருந்தேன்; இப்போது சொல்கிறேன்.

அரசாங்க உதவியையும் கணக்கில் சேர்க்காதே. ஏ, பி, சி தர முட்டைகளுக்கு இருந்த 10 காசு மானியம் 2025 மே மாதம் 5 காசாகி, ஆகஸ்டு முதல் நாளோடு விலைக்கட்டுப்பாடும் சேர்ந்து நின்றுவிட்டது. நம் முட்டைக்கு அந்த மானியம் எந்நாளும் இருந்ததில்லை. பெரிய பண்ணைகள் விலையை இறக்கினால், 80 காசுக்கு வாங்குபவர் நம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் அதிகமாக யோசிப்பார். புரட்டாசி பிறந்தால் நம் தமிழ் வீடுகளில் பாதிக்கு மேல் முட்டையை நிறுத்திவிடுவார்கள், கோழி நிறுத்தாது. அந்த மாதத்துக்காகவே சில சீன வீடுகளையும் இரண்டு காப்பிக்கடைகளையும் பிடித்து வைத்திருக்கிறேன். அரைவேக்காட்டு முட்டைக்கு அவர்கள் நல்ல விலை தருகிறார்கள்.

மேய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய விதிப்படி கோழி ஒன்றுக்கு வெளியே 4 சதுர மீட்டர் நிலம் வேண்டும். 2,000 கோழிகளுக்கு அது ஏறக்குறைய 2 ஏக்கர். ஒரே இடத்தில் விட்டால் சில வாரங்களில் புல் போய்ச் சேறாகிவிடும், குடற்புழு பெருகும். ஆகவே மாற்றி மாற்றி விட 4 ஏக்கராவது வேண்டும். நீ 2 ஏக்கருக்குத்தான் குத்தகை போட்டிருக்கிறாய்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நம் கோழிகளை நீ பார்த்ததில்லை. ரம்புத்தான் மரத்தடியில் சிறகைத் தளர்த்தி, அலகைத் திறந்து, தொண்டை துடிக்க மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும். அப்படி இரைக்கும்போது உடம்பிலிருந்து கரியமிலவாயு அதிகமாக வெளியேறி, ஓடு கட்டுவதற்கு வேண்டிய பொருள் குறைந்துவிடுகிறது, தீனியும் எடுக்காது. மறுநாள் முட்டையை எடுத்தால் விரல் பட்ட இடம் நொறுங்கிப்போகும். அதற்காகவே கெராங் சிப்பியின் ஓட்டை இடித்துத் தனித்தட்டில் வைக்கிறேன். மாலையில் அதைத்தான் முதலில் தேடிவந்து கொத்தும்.

பெரும்பாலான கோழிகள் காலையிலேயே இட்டுவிடுவதால் பத்து மணிக்குப் பிறகுதான் கதவைத் திறக்கிறேன். அப்படியும் போன மாதம் செராய் (எலுமிச்சைப்புல்) புதருக்குள் 14 முட்டைகள் கிடந்தன. அடியில் இருந்தவை எப்போது இட்டவை என்று தெரியாததால் ஒன்றைக்கூட விற்கவில்லை. மழை நாளில் சேறு ஒட்டிய முட்டையைக் கழுவினால் ஓட்டின் மேல் உள்ள காப்புப் படலம் போய்விடும். அவற்றை வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். பியாவாக் (உடும்பு), மரநாய், மலைப்பாம்பு கோழியை எடுத்துக்கொள்வதும், வெள்ளைக்கழிச்சல் ஊசியைத் தவணை தவறாமல் போடுவதும் உனக்குத் தெரிந்தவைதான்.

நாட்டுக்கோழியே வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அசல் நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 100 முட்டை வரைதான் இடும், நடுவில் அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதை முட்டைக்காக வளர்த்தால் தீவனக் கடனை அடைக்க முடியாது. முட்டைக்கென்று வளர்த்தெடுத்த கலப்பினமே போதும். ஆனால் வாங்குபவர் கேட்டால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் சொல்கிறேன், யாரும் என்னை விட்டுப் போகவில்லை.

வேலையை இப்போது விட வேண்டாம் என்பதுதான் எங்கள் இருவர் முடிவும். வீட்டுக்குப் பின்னால் அப்பா வேலி போட்டு வைத்திருக்கும் அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது. அதில் உன் பங்காக 100 கோழிகளை விடுகிறோம். அவை இடும் முட்டைகளை, வாரம் 49 பெட்டிகளை, நீயே கோலாலம்பூரில் 8 வெள்ளிக்கு விற்றுப் பார். உன் அலுவலகத்திலும் அடுக்குமாடியிலும் தொடங்கலாம். வாங்கியவர் எத்தனை பேர் அடுத்த வாரமும் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. அந்த எண்ணிக்கை கூடக்கூடக் கோழியைக் கூட்டுவோம். 200 வீடுகள் ஆனதும் குத்தகை நிலத்தைப் பார்க்க நானே உன்னோடு வருகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை இரவு பேருந்தில் ஏறி வா. சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் முட்டை கொடுக்கப் புறப்படுவேன், 30 வீடுகள். நீ பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஒவ்வொரு வாசலுக்கும் வர வேண்டும். மாதக் கடைசி என்பதால் சில வீடுகளில் வேண்டாம் என்பார்கள், அதையும் நீ பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா