பதிவேடுகளில் முடங்கிய கணக்கு: மதுரை மாவட்ட மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகிகளுக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

மதுரையிலுள்ள மருத்துவமனை ஆய்வகங்களில், நுண்ணுயிரியல் பிரிவில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக வேலை பார்த்துவரும் ஆய்வக நுட்பநர் நான். நோயாளியின் முகத்தை நாங்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. அவருடைய சிறுநீர், இரத்தம், சளி, புண்ணிலிருந்து எடுத்த சீழ் ஆகியவைதான் எங்கள் மேசைக்கு வருகின்றன. அவற்றில் வளரும் கிருமி எந்த ஆண்டிபயாடிக்குக்குக் கட்டுப்படும், எதற்கு அடங்காது என்று சொல்வது எங்கள் பொறுப்பு. அப்படிச் சொன்ன முடிவுகள் மாவட்டம் முழுவதும் பதிவேடுகளிலும் கணினிக் கோப்புகளிலும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது, எதை எதிர்த்து நிற்கிறது என்று காட்டும் ஒரு கிருமி எதிர்ப்பு அறிக்கையை மதுரை மாவட்டத்துக்கென்று ஆண்டுதோறும் வெளியிட நீங்கள் முன்வர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்தில், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்த சர்க்கரை நோயாளியான ஓர் அம்மாவின் சிறுநீர் மாதிரி எனக்கு வந்தது. அதற்கு முன்பே இரண்டு இடங்களில் வைத்தியம் பார்த்து, ஐந்து நாட்கள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆண்டிபயாடிக் ஊசியும் போட்டுக்கொண்டவர். அந்த இரண்டு இடங்களிலும் கல்ச்சர், அதாவது மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, எடுக்கவில்லை. மறுநாள் தட்டில் கிளெப்சியெல்லா என்ற கிருமி வளர்ந்திருந்தது. அதற்கடுத்த நாள் காலை, அந்தக் கிருமியைப் பரப்பி மருந்து வில்லைகள் (ஒவ்வொன்றும் ஓர் ஆண்டிபயாடிக் தோய்ந்த சிறு காகித வட்டு) வைத்த தட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மருந்து வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் இருக்கும். அன்று பத்து வில்லைகளில் எட்டைச் சுற்றி வட்டமே இல்லை; வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி பாய் விரித்தது போலப் படர்ந்திருந்தது. வில்லையின் குறுக்களவு 6 மி.மீ. ஆகையால் அப்படிப்பட்ட இடங்களில் பதிவேட்டில் 6 என்று எழுதுவோம். அன்று 6, 6, 6 என்று எட்டு முறை எழுதினேன். கடைசி வரிசை மருந்தான மெரோபெனத்துக்கு நேரேயும் அதே எண்தான். அறிக்கையை வார்டுக்கு எடுத்துச் சென்றபோது, முந்தைய இரவே அவரை வேறு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள் என்றார்கள். அறிக்கை பழைய கோப்பில் செருகப்பட்டது. புதிய இடத்து மருத்துவர் முதலிலிருந்து தொடங்கியிருப்பார்.

அந்த அம்மாவுக்கு அந்தத் தாள் உதவவில்லை. ஆனால் அவரைப் போன்ற நூற்றுக்கணக்கானவர்களின் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தால், அவருக்கு முதன்முதலில் ஊசி எழுதிய மருத்துவருக்கு அவை உதவியிருக்கும். இரவு பதினொரு மணிக்குக் காய்ச்சலில் நடுங்கியபடி வருகிறவருக்குக் கல்ச்சர் முடிவு வரும்வரை மருந்து கொடுக்காமல் இருக்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த முதல் மருந்தை மருத்துவர் கணித்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் எத்தனை பங்கு எந்த மருந்துக்குக் கட்டுப்படுகின்றன என்ற கணக்கு கையில் இருந்தால்தான் அந்தக் கணிப்புக்கு ஆதாரம் இருக்கும். இன்று அந்த ஆதாரம் பெரும்பாலும் பழக்கமும் மருந்து விற்பனைப் பிரதிநிதியின் பேச்சுமாக இருக்கிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

நாட்டில் கண்காணிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013 முதல் இதற்கென ஒரு வலையமைப்பை நடத்திவருகிறது. தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் தனியே ஒன்றை நடத்துகிறது. இவற்றின் தரவுகள் பெரும்பாலும் பெரிய போதனா மருத்துவமனைகளிலிருந்து வருபவை. நம் ஊர் நிலவரத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். சிவகங்கை, விருதுநகர், தேனி, இராமநாதபுரம் என்று சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது மதுரை அரசு மருத்துவமனைக்கு, வந்து சேர்கிறவர்களில் பலர், வழியில் இரண்டு மூன்று இடங்களில் மருந்து சாப்பிட்டுத் தீராமல் வந்தவர்கள். அவர்கள் உடலில் எஞ்சியிருப்பது பல மருந்துகளைத் தாண்டி வந்த கிருமி. அந்தக் கணக்கை வைத்து மேலூரிலோ வாடிப்பட்டியிலோ உள்ள இருபது படுக்கை மருத்துவமனைக்கு மருந்து தேர்ந்தெடுத்தால், தேவையில்லாத இடத்திலும் கடைசி வரிசை மருந்தைக் கொடுக்க நேரும். ஆகவே சிறிய மருத்துவமனைகளின் மாதிரிகளும் கணக்கில் சேர வேண்டும்.

அண்டை மாநிலமான கேரளம் 2018-இல் இதற்கென மாநிலச் செயல்திட்டம் வகுத்து, மாநில அளவிலான எதிர்ப்பு அறிக்கையை வெளியிடும் நிலைக்கு வந்திருக்கிறது. நமக்கும் இதில் ஒரு முன்கதை உண்டு. கடைசி வரிசை மருந்துகளையும் கிருமி எதிர்த்து நிற்கச் செய்யும் என்.டி.எம்-1 (நியூ டெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்-1) என்ற மரபணுவைப் பற்றிய ஆய்வு 2010-இல் வெளியானபோது, அதில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. அந்தப் பெயரில் டெல்லி இருப்பதைப் பற்றி நாடெங்கும் எழுந்த சத்தம், மாதிரிகளில் இருந்ததைப் பற்றி எழவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்டில், இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடித்தான், கிருமி எதிர்ப்பைச் சமாளிக்கும் வழிகளைச் சொல்லும் சென்னைப் பிரகடனத்தை வகுத்தன. தமிழ்நாட்டு மண்ணில் எழுதப்பட்ட அந்த வழிகாட்டுதலை மதுரையில் நடைமுறைக்குக் கொண்டுவருவது நமக்குக் கடினமாக இருக்கக் கூடாது.

கணக்கு எடுப்பதிலும் முறை இருக்கிறது. அதில் நானே தவறியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், ஓராண்டுப் பதிவேட்டைக் கையால் எண்ணித் தொகுத்துத் தரச் சொன்னார்கள். ஐசியுவில் நாற்பது நாட்கள் கிடந்த ஒருவரிடமிருந்து எடுத்த ஒன்பது மாதிரிகளையும் ஒன்பது கிருமிகளாக எண்ணிவிட்டேன். ஒரே மனிதரின் ஒரே கிருமி ஒன்பது முறை ஏறியதால், அந்த ஐசியுவில் எந்த மருந்தும் வேலை செய்யாது என்று காட்டும் அட்டவணை ஒன்று சில மாதங்கள் சுவரில் தொங்கியது. ஒரு நோயாளியிடமிருந்து ஒரு காலப்பகுதியில் கிடைக்கும் ஒரு வகைக் கிருமியில் முதலாவதை மட்டுமே எண்ண வேண்டும், ஒரு வகையில் 30 மாதிரியாவது இல்லாமல் விழுக்காடு போடக் கூடாது என்ற விதிகளைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பல ஆய்வகங்கள் சேர்ந்தால் அந்த 30 எளிதில் கிடைக்கும். ஒரு சிறிய மருத்துவமனைக்குத் தனியே கிடைக்காது.

இன்னொன்று, வட்டத்தின் அளவு. ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற கிருமிகளில் மெரோபெனம் வட்டம் 23 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் மருந்து வேலை செய்யும் என்றும், 19 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் செய்யாது என்றும் எழுதுகிறோம். பல ஆய்வகங்கள் ‘எஸ்’ (வேலை செய்யும்) அல்லது ‘ஆர்’ (செய்யாது) என்ற ஓர் எழுத்தை மட்டும் பதிந்து, அளவை விட்டுவிடுகின்றன. 30 மி.மீ. இருந்த வட்டம் சில ஆண்டுகளில் 24-க்குச் சுருங்கினாலும் எழுத்து ‘எஸ்’ ஆகவே இருக்கும். மருந்து கைவிட்டுப் போவதற்கு முன்பே அறியக் கூடிய ஒரே அடையாளத்தை நாமே அழித்துவிடுகிறோம்.

மருத்துவர்களிடம் தனியாக ஒரு விண்ணப்பம். முதல் ஊசிக்கு முன்னால் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மருந்து போட்டபின் எடுத்த இரத்தத்தில் கிருமி வளராமல் போக வாய்ப்பு அதிகம். வளரவில்லை என்ற அந்த அறிக்கை எவருக்கும் பயன்படுவதில்லை. மருந்து தோற்ற பிறகே கல்ச்சர் அனுப்பும் பழக்கத்தால், எளிதில் குணமாகும் தொற்றுகள் கணக்குக்கே வராமல், முரட்டுக் கிருமிகள் மட்டும் பதிவாகி, நிலவரம் உள்ளதைவிட மோசமாகத் தெரிகிறது. சிறுநீர் மாதிரியை இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதை வார்டுக்கு நினைவூட்டுங்கள். நம் ஊர் வெயிலில் அரை நாள் மேசைமேல் இருந்த புட்டியில், தொற்றே இல்லாதவரின் சிறுநீரிலும் மில்லிக்கு ஒரு லட்சம் கிருமி தாண்டிவிடும். அதை நம்பி ஒருவருக்கு வீண் மருந்து போகும். கல்ச்சர் செலவைச் சொன்னால், “அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஊசியாப் போட்டு விடுங்களேன்” என்று உடன் வந்தவர்கள் கேட்பதும் எனக்குத் தெரியும். ஊசியின் விலையையும், தவறான ஊசியால் கூடும் படுக்கை நாட்களின் வாடகையையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். (மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆண்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது, அது வேறு மடலுக்கான செய்தி.)

நிர்வாகிகள் தயங்குவது எதற்கு என்பதும் புரிகிறது. எதிர்ப்புக் கிருமி அதிகம் என்று பெயர் வந்தால் நோயாளிகள் வேறு இடம் தேடுவார்களே என்று அஞ்சுகிறீர்கள். மாவட்டக் கணக்கில் எந்த மருத்துவமனையின் பெயரும் வர வேண்டியதில்லை; நோயாளியின் பெயரும் வரக் கூடாது. வயது, பாலினம், மாதிரியின் வகை, எடுத்த நாள், வார்டா ஐசியுவா வெளிநோயாளியா என்ற விவரம், கிருமியின் பெயர், வட்ட அளவுகள், ஒரே நோயாளியை இரண்டு முறை எண்ணாமல் இருக்க ஒரு குறியீட்டு எண் ஆகியவை போதும். இதற்கான, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஹூநெட் (WHONET) என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உலகெங்கும் ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. தேவைப்படுவது, ஆய்வகத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் இந்த வேலைக்கென்று ஒதுக்கும் உங்கள் உத்தரவு.

2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்கு அடங்காத கிருமிகளே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக, 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் மதுரையின் பங்கு என்னவென்று கேட்டால் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றாகச் சேர்ந்த கணக்கு வேண்டும்.

வரும் சனவரி முதல் நாளிலிருந்து, விருப்பமுள்ள மருத்துவமனைகள் மட்டுமாவது, மேற்சொன்ன விவரங்களைப் பதியத் தொடங்கட்டும். மாவட்டச் சுகாதார நிர்வாகத்தையும் மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையையும் அணுகி, அந்தத் தரவுகளைச் சரிபார்த்துத் தொகுத்துத் தருமாறு கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பு. முதல் ஆண்டு ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்தாலும், சிறுநீர்த் தொற்றுக்கு மட்டுமாவது ஒரு பக்க அட்டவணை வெளியிடலாம். அதை ஒவ்வொரு பணி மருத்துவரின் மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் வைக்கலாம். பழைய பதிவேடுகளிலிருந்து அளவுகளை எடுத்துக் கணினியில் ஏற்றும் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நுண்ணுயிரியல் ஆய்வக நுட்பநர் ஒருவர்,
மதுரை.