அயர்லாந்துக்கு வேலைக்கு வரும் தமிழ் நர்ஸ்களுக்கு: பெயரைக் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

நான் இங்கே வந்த முதல் மாதம். வெளிநோயாளிகள் பிரிவின் வாசலில் ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு "நியாம்ஹ்" என்று மூன்று தடவை கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. நாலாவது தடவை கூப்பிடப் போகும்போது இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மெதுவாக எழுந்து வந்து, "நீவ் என்றால் அது நான்தான்" என்றாள். அவள் கோபப்படவில்லை. ஆனால் எழுந்து வருவதற்கு முன்னால், வேறு யாருக்காவது அந்தப் பெயர் இருக்குமோ என்பது போலச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. உடம்புக்கு முடியாமல் வந்து உட்கார்ந்திருக்கிற ஒருத்தியை, அவள் பெயரையே அவளுக்குத் தெரியாததாக்கிக் கூப்பிட்டிருக்கிறேன்.

அதனால்தான் இந்த மடல். ஊசி போடுவதையும் சார்ட் எழுதுவதையும் உங்களுக்கு வேறு பலர் சொல்லித் தருவார்கள். பெயரைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

முதலில் எழுத்து. என், ஐ, ஏ, எம், ஹெச் என்று எழுதியிருப்பதை "நீவ்" என்று எப்படிப் படிப்பது என்று நானும் திகைத்தேன். புரிந்த பிறகு அது நமக்கு மிகவும் நெருக்கமான விஷயமாகத் தெரிந்தது. இந்த நாட்டின் சொந்த மொழியான ஐரிஷின் பழைய அச்சில் ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி வைப்பார்கள். நம் புள்ளி உயிரோசையை எடுத்துவிடும். அவர்கள் புள்ளி மெய்யோசையை மென்மையாக்கும். போன நூற்றாண்டின் நடுவில் ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளியை விட்டுவிட்டு, அதற்குப் பதிலாகப் பக்கத்தில் ஒரு ஹெச் போட ஆரம்பித்தார்கள். ஆகவே அந்த ஹெச்சுக்குத் தனி ஒலி கிடையாது, அது இடம் மாறி உட்கார்ந்த புள்ளி. பி-யோடும் எம்-மோடும் அது சேர்ந்தால் பெரும்பாலும் வகர ஓசை வரும். ஷிவான், நீவ், கீவா என்ற பெயர்கள் எல்லாம் அப்படித்தான்.

சரி, எழுத்தைக் கற்றுக்கொண்டால் போதுமா? நானும் அப்படித்தான் நினைத்தேன். கீவா என்று படித்து மனப்பாடமும் செய்துவிட்டேன். அப்புறம் வடமேற்கு மூலையில் உள்ள டொனகால் மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஃபைலில் அதே எழுத்துகள். நான் நம்பிக்கையோடு "கீவா" என்றேன். அந்தச் சின்னப் பெண் நிமிர்ந்து, "க்வீவா" என்று திருத்தினாள். வடக்கே, அல்ஸ்டர் பக்கம் அது க்வீவா. தெற்கிலும் மேற்கிலும் கீவா. இரண்டுமே சரி. எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அந்தக் குழந்தையிடம் "நீ தப்பாகச் சொல்கிறாய்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஐரிஷ் மொழிக்கு இன்று மூன்று பெரிய வட்டார வழக்குகள் உண்டு: தெற்கே மன்ஸ்டர், மேற்கே கானக்ட், வடக்கே அல்ஸ்டர். மன்ஸ்டரில் நெட்டுயிர் எங்கே வருகிறதோ அங்கே போய் அழுத்தம் உட்காரும். அதனால் உஷீன் என்ற பெயரை மன்ஸ்டரில் உள்ள கெர்ரி மாவட்டக்காரர் பின்பாதியை அழுத்திச் சொல்வார். டொனகால்காரர் முன்பாதியில் தட்டிவிட்டுப் போவார். க்ரான்யா என்ற பெயரில் உள்ள ஆகாரம் தெற்கே ஓகாரத்தின் பக்கம் சாயும், வடக்கே ஏகாரத்தின் பக்கம் சாயும். ஷான் என்ற பெயரின் வடக்கத்திய உச்சரிப்பிலிருந்துதான் ஷேன் என்ற பெயரே தனியாகக் கிளைத்தது. விடுதலை என்று பொருள்படும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: சீர்ஷா, சேர்ஷா, சர்ஷா என்று மூன்று விதமாகவும் காதில் விழும். நடிகை ரோனன் தன் பெயரைச் சர்ஷா என்கிறார். அதைக் கேட்டுவிட்டு எல்லாரையும் சர்ஷா என்று கூப்பிட்டுவிடாதீர்கள். நம் ஊரில் வாழைப்பழத்தை வாளப்பளம் என்பவரும் உண்டு, வாயப்பயம் என்பவரும் உண்டு. என் பெயரில் உள்ள ழகரத்தை என் சொந்த அத்தையே ளகரமாகத்தான் சொல்வார். யாரும் அவரைத் திருத்தியதில்லை.

இன்னொன்று. கொலம் என்ற பெயரை எழுதும்போது எல்லுக்கும் எம்முக்கும் நடுவில் உயிரெழுத்து இருக்காது, சொல்லும்போது இருக்கும். இவர்கள் ஆங்கிலம் பேசும்போதும் சினிமாவை "ஃபிலம்" என்பார்கள். நாம் "ஃபிலிம்" என்கிறோமே, அதே பழக்கம்தான்.

கூப்பிடும்போது பெயரே மாறுவதும் உண்டு. கண்ணன் கண்ணா ஆவது போல, ஐரிஷிலும் விளி வேற்றுமை இருக்கிறது. நாம் கடைசியில் மாற்றுகிறோம், அவர்கள் முதல் எழுத்தையும்கூட மாற்றுவார்கள். ஷேமஸை விளித்தால் "அ ஹேமிஷ்". ஸ்காட்லாந்தின் ஹேமிஷ் என்ற பெயர் இப்படி விளியிலிருந்து வந்ததுதான். ஐரிஷ் பேசும் ஊர்களிலிருந்து வரும் முதியவர்களின் படுக்கையருகே வீட்டார் இப்படிக் கூப்பிடுவதைக் கேட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

முதியவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஃபைலில் டிமத்தி என்று இருக்கும், வீட்டில் அவர் தைக். ஃபைலில் கார்னீலியஸ், ஊரில் கொனர். ஐரிஷ் பெயர்களுக்குப் பதிலாக, ஒலி ஒத்ததோ ஒவ்வாததோ ஏதோ ஓர் ஆங்கிலப் பெயரைப் பதிவேடுகளில் எழுதி வைத்த காலம் ஒன்று இருந்தது. 1905இல் டொனகால் விவசாயி ஒருவருக்கு, தன் வண்டியில் பெயரை ஐரிஷில் எழுதியதற்காக அபராதம் விதித்தார்கள். டப்ளின் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடியவர் பாட்ரிக் பியர்ஸ். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியில் தலைமை தாங்கி, சுட்டுக் கொல்லப்பட்டாரே, அவரேதான். வழக்கில் தோற்றார்கள். பெயருக்காக நீதிமன்றம் வரை போன ஊர் இது.

உயிரெழுத்தின் தலையில் போடும் நீட்டல் கோட்டையும் விட்டுவிடாதீர்கள். ஷான் என்ற பெயரில் அந்தக் கோடு இல்லாவிட்டால் அது "ஷன்", அதாவது பழையது, கிழடு. கல்லுக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாதா? அரசு நிறுவனங்கள் ஐரிஷ் பெயர்களைச் சரியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று 2021இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தியே சொல்லிவிட்டார்கள். பதிவேட்டில் தட்டும்போது ஒரு விநாடி கூடுதலாகும், அவ்வளவுதான்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். படுக்கையருகே போனதும், "உங்கள் பெயரை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. பலர் அங்கேயே ஊரையும் அம்மாவையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். வலி எங்கே என்பதை அதற்கு அப்புறம் தயங்காமல் சொல்வார்கள். ஐரிஷிலேயே கேட்க ஆசைப்பட்டால் அந்தக் கேள்விகூட ஊருக்கு ஊர் வேறு. கெர்ரியில் "கத் இஸ் அனிம் டிட்?", மேற்கே கானமாராவில் "கேன் தானிம் அதா ஓர்த்?" என்பார்கள். டொனகாலுக்கு இன்னொன்று.

சொன்னதைக் கேட்டதும் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். குறிலும் நெடிலும் நம் எழுத்தில் தெளிவாக நிற்கும். பெயர் மட்டும், அதுவும் முதல் பெயர் மட்டும். நோயைப் பற்றி ஒரு சொல்கூட அந்த நோட்டில் இருக்கக் கூடாது. என் சட்டைப்பையில் இருப்பது நாலாவது நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் கீவா என்றும் இன்னொரு பக்கத்தில் க்வீவா என்றும் இருக்கிறது. எதையும் நான் அடிக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் அக்கா கயல்விழி