பட்டை நுனியில் ஒரு விரல் தடிமன்

யஷ்வந்தபுரம், பெங்களூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பட்டறையில் வேலை நெருக்கடி, அதனால்தான் தாமதம். தங்கச்சிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா? இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் டிப்ளமா கடைசி ஆண்டு. பட்டறைப் பக்கம் வரச் சொன்னால் சட்டை அழுக்காகிவிடும் என்கிறான். நம் இரண்டு பேருக்கும் வெள்ளைச் சட்டை இருந்ததா என்றே நினைவில்லை.

உன் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். சுமையோடு போகும்போது பின்பக்கம் ஒதுங்குகிறது, பிரேக் பிடித்தால் 'டக்' என்று ஒரு சத்தம், இடது பக்க டயர் ஓரம் தேய்கிறது என்று எழுதியிருந்தாய். சங்ககிரி மிஸ்திரி, பின்னால் இரண்டு ஆக்சில்களையும் சேர்த்துத் தாங்குகிற போகியின் பிராக்கெட்டில் ஓர் இரும்புத் துண்டை வைத்து வெல்டிங் அடித்தால் போதும் என்கிறாராம். வேண்டாம். அதைச் செய்த ஒரு வண்டி போன வாரம்தான் என் பட்டறைக்கு வந்தது.

அதுவும் உன்னுடையதைப் போலப் பத்துச் சக்கர வண்டிதான். ஜல்லி ஓட்டம். 2018இல் இந்த வண்டிகளின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக அரசு உயர்த்தியது. அதற்கு மேலும் இரண்டு டன் ஏற்றினால்தான் இவர்களுக்குத் தூக்கம் வரும். முதலாளியோ பழியை ரோட்டின் மேல் போட்டார். 2021 டிசம்பரில் பீன்யா மேம்பாலத்தில் கம்பிக் கோளாறு என்று கனரக வண்டிகளை நிறுத்தினார்கள் அல்லவா? 2024 வரை லாரி எல்லாம் கீழே சர்வீஸ் ரோட்டுப் பள்ளங்களில்தான் குதித்துக்கொண்டு போயின. அவர் சொன்னதிலும் பாதி நியாயம் உண்டு.

போகியில் பட்டைக் கட்டின், அதாவது அடுக்கிய வில் பட்டைகளின் நடுப்பகுதி, சேஸிஸில் மாட்டிய, முன்பின் அசையும் தாங்கியோடு யு போல்ட்டில் இறுகியிருக்கும். இரண்டு நுனிகளும் முன்பின் ஆக்சில்களின் பிராக்கெட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் பட்டை நீண்டு சுருங்க, நுனி உள்ளே முன்னும் பின்னும் வழுக்கும். அந்த உராய்வைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தேய்வதற்கென்றே வைத்த பொருள்தான் வேர் பேடு. கீழே ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. பக்கவாட்டுப் பேடு போய்விட்டால் நுனிக்கு இடம் கிடைத்துவிடும், ஆக்சில் குறுக்கே நகரும். உன் வண்டி ஒதுங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் ஆக்சிலைச் சேஸிஸோடு இழுத்துப் பிடிக்கிற டார்க் ராடின் ரப்பர் புஷ் போனாலும் ஏறக்குறைய இதே சேட்டைதான். இரண்டையும் பார்க்காமல் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்காதே.

ஜல்லி வண்டியில் பேடு தீர்ந்ததும் யாரோ பழைய பட்டைத் துண்டை வெட்டி உள்ளே வைத்து ஒட்டிவிட்டிருந்தார்கள். எஃகோடு எஃகு. முதல் பட்டையின் நுனியில் கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு குழி விழுந்து, அங்கிருந்தே கீறல் விட்டு ஒடிந்துபோனது. போதாததற்கு வெல்டிங் சூடு பட்டைக்கும் ஏறியிருந்தது. பதம் போட்ட எஃகில் சூடு ஏறினால் பதம் போய்விடும். உன் வண்டி பி.எஸ். 6 வேறு, உள்ளே கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. வெல்டிங் என்று யாராவது கிட்டே வந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்.

மாற்றுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். வண்டி காலியாக, சமதளத்தில் நிற்க வேண்டும். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்தோம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் தலை நீட்டுகிற வயது நமக்கு எப்போதுமே இருந்ததில்லை, இருந்ததாக நினைத்துக்கொண்டோம். பட்டை நுனி பேடை விட்டு மேலே எழும்பியதும் குறுக்குப் போல்ட்டை எடுக்க வேண்டும். துருப்பிடித்து அசையவே இல்லை. பையன் கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான், பிடுங்கி வைத்துவிட்டு கிரைண்டரில் அறுத்தேன். ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது, ஆகட்டும். பிறகு பிராக்கெட்டைக் கம்பி பிரஷ் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, மூலைகளில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு பிராக்கெட் போய்விட்டது, மாற்றினோம்.

ஜே.சி. ரோட்டில் பேடு வாங்கி வந்து, இன்னொரு நுனியிலிருந்து கழற்றிய பழைய பேடோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். புதியது ஒரு விரல் தடிமன். பழையது ஒரு பக்கம் மூன்றாம் பிறைபோலக் கூர்ந்து, நகத்தால் வளைக்கலாம் போலிருந்தது. எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் அளவு போட்டிருக்கும், தேடி எடு. நான்கு நுனிகளுக்கும் சேர்த்து மாற்று. இடது மட்டும் போதாதா என்று கேட்டிருக்கிறாய், ஒற்றைக் காலில் புதுச் செருப்பு போட்டு நடந்து பார்.

பட்டைக் கட்டைப் பிரித்ததால் யு போல்ட்டும் புதிதாகவே போட்டோம், இழுபட்ட பழசை மறுபடி முறுக்குவதில் எனக்கு நம்பிக்கையில்லை. சுமையோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்ப வந்து நட்டு முறுக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அந்த முதலாளி வரமாட்டார். நீ வருவாய்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். புதிதாகப் பீகார்ப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். 'பட்டை எடுடா' என்றேன். என் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றான். போன வாரம்தான் விபூதிக்குத் தமிழில் பட்டை என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த பெங்களூரு லோடை இறக்கியதும் வண்டியைக் காலியாக நேரே இங்கே கொண்டுவா. அதுவரை தொப்பூர் கணவாயில் சுமையோடு இறங்குகிற ஓட்டத்தை எடுக்காதே. வாடகை போனால் போகட்டும்.

ஜல்லி வண்டியின் ஒடிந்த பட்டையை எடைக்குப் போடாமல் உனக்காக வைத்திருக்கிறேன். சூடு படாத பாதி நல்ல எஃகு. உங்கள் ஊர்க் கொல்லரிடம் கொடுத்தால் தேங்காய் வெட்ட இரண்டு அரிவாள் தேறும். ஒன்று எனக்கு.

அன்புடன்,
உன் மச்சான்