கட்டில் கம்பி

தருமபுரி
ஞாயிறு இரவு

அன்புள்ள கமலா,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. நைட் டியூட்டி முடித்து வந்து இரண்டு தடவை படித்தேன். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் செய்வது நல்ல முடிவுதான்டி, எத்தனை நாள் வலியோடு நடப்பார்? இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் ப்ளஸ் டூ. அப்பாவின் தக்காளிக்கு இந்தத் தடவையும் விலை இல்லை.

அம்மா அட்மிட் ஆகும் முன் உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். கை நரம்பில் மருந்து ஏற்றும் வென்ஃப்ளான் குழாய் போடுவதற்கு முன், அதை ஒட்டும் பிளாஸ்டரைத் துண்டு துண்டாகக் கிழித்துக் கட்டில் கம்பியில் ஒட்டி வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? சீனியர் அக்காக்கள் காட்டிக் கொடுத்த பழக்கம். நீ நர்ஸ் வேலையை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. நான் போன மாதம் வரை அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சுகர் புண்ணோடு வார்டில் இருந்தார். புண்ணின் கல்ச்சர் டெஸ்ட்டில் அசினெட்டோபேக்டர் என்ற பாக்டீரியா. ரிப்போர்ட்டில் மருந்துகளுக்கு நேரே வரிசையாக 'ஆர்', 'ஆர்', அதாவது அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. வீரியமான மெரோபெனத்துக்கும் அதே. மிஞ்சியது கோலிஸ்டின், அது கிட்னியைப் பதம் பார்க்கும். டாக்டர் கட்டிலைச் சுற்றிப் பஞ்சுக் குச்சியால் துடைத்து ஸ்வாப் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். கம்பியில் அதே கிருமி வளர்ந்தது. போய்க் குனிந்து பார்த்தேன். பெயிண்ட் உரிந்த இடத்தில் பழைய பிளாஸ்டர் பசை கறுத்துப் படிந்திருந்தது. சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. அதில் எத்தனை என் கை ஒட்டியதோ!

கம்பியிலிருந்து அவருக்கு வந்ததா, அவரிடமிருந்து கம்பிக்குப் போனதா என்று ஸ்வாப் சொல்லாது. ஆனால் உலர்ந்த இடத்திலேயே இந்தக் கிருமி 5 மாதம் வரை உயிரோடு கிடக்கும், மருந்துக்கு மசியாத இன்னொரு கிருமியான எம்ஆர்எஸ்ஏ 7 மாதம் வரை. அடுத்து அந்தக் கட்டிலில் படுப்பவரை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரியவர் இரண்டு கால்விரலை இழந்து வீடு போனார். மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் 2019-இல் மட்டும் உலகத்தில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 12.7 லட்சம் பேர்.

தரையைத் தினமும் மாப் போடுகிறோம். தரையை யார் தொடுகிறார்கள்? கம்பி, ஐவி ஸ்டாண்டு, லாக்கர் பிடி, பாத்ரூம் தாழ்ப்பாள், நம் செல்போன், இவைதான் கைபடும் இடங்கள். இவை யார் கணக்கிலும் இல்லை. இப்போது ஆள் டிஸ்சார்ஜ் ஆனதும் முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்க்கிறோம். அழுக்கின் மேல் ஹைப்போகுளோரைட் என்ற ப்ளீச் தண்ணீரை ஊற்றினால் அதன் வீரியம் போய்விடும். பிறகு அதைத் தடவிப் பத்து நிமிஷம் ஈரமாகவே விடுகிறோம். கடைசியில் பச்சைத் தண்ணீரால் துடைக்காவிட்டால் இரும்பு துருப்பிடித்து, அந்தச் சொரசொரப்பில் மறுபடி கிருமி தங்கும். பிளாஸ்டருக்குத் தனி ட்ரே வாங்கிவிட்டேன்.

அம்மாவைத் தொட வருபவர் யாராக இருந்தாலும், டாக்டரே ஆனாலும், "கை தேய்த்துவிட்டீர்களா?" என்று கேள், தயங்காதே. கிளவுஸ் போட்டிருக்கிறேன் என்பார்கள். அந்தக் கிளவுஸும் கம்பியைத் தொட்டதுதான். ஹேண்ட் ரப்பை இருபது முப்பது விநாடி தேய்க்க வேண்டும். பிளாஸ்டரைக் கம்பியில் ஒட்டினால் வேறு துண்டு கேட்டு வாங்கு. இட்லிப் பொட்டலத்தைக் கட்டில் மேல் வைத்துப் பிரிக்காதீர்கள்.

தேதி தெரிந்ததும் எழுது. இரண்டு நாள் லீவு போட்டு வருகிறேன். அம்மாவுக்குக் கேழ்வரகு மாவு அரைத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா