மன்ற வேளையைத் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்கும்,

வணக்கம். தேர்வு முடியும்வரை எல்லா மன்றங்களையும் நிறுத்திவைப்பதாகப் போன வாரம் சுற்றறிக்கை அனுப்பினீர்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை இனி சிறப்பு வகுப்பு. போன பருவத்துத் தேர்ச்சி விகிதம்தான் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் மன்ற வேளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், வானியல் மன்றத்தில் இருக்கிறாள். 1610இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைப் பார்த்துக் குறித்துவைத்ததைப் போலத் தாங்களும் குறிக்கப்போவதாக ஏழு பிள்ளைகள் கிளம்பினார்கள். நான்கில் வெளியே இருக்கும் கலிஸ்டோ வியாழனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 17 நாள் ஆகும். அதனால் நோட்டில் முன்கூட்டியே 17 வட்டம் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் தேதி எழுதிவிட்டார்கள். தினமும் இருட்டியதும் மொட்டை மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, அன்றைக்கு நிலவுகள் நின்ற இடத்தில் புள்ளி வைப்பார்கள். பொறுப்பாசிரியை ஞாயிற்றுக்கிழமைகூட வந்து அறையைத் திறந்துவிட்டார். ஒருநாள் வானம் மூடியிருந்தது. அந்த வட்டத்துக்குள் 'மேகம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் உங்கள் சுற்றறிக்கை வந்தது. தொலைநோக்கி அலமாரிக்குள் போனது, சாவி அலுவலகத்துக்குப் போனது. நோட்டில் ஆறு வட்டம் வெறுமையாக இருக்கிறது. அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன்.

தேர்வுக்கு அப்புறம் தொடரலாமே என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். அதற்குள் வியாழன் சூரியன் பக்கம் போய் மறைந்துவிடும். மறுபடி மாலை வானத்துக்கு வரும்போது இந்தப் பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் இருப்பார்கள். அப்போது தொலைநோக்கியைத் தொட விடுவீர்களா?

இது ஒரு மன்றத்தின் கதைதான். நாடக மன்றத்துப் பிள்ளைகள் பாதி எழுதிய நாடகத்தோடு நிற்கிறார்கள். விவாத மன்றத்தில் பேசத் தொடங்கிய பிறகே வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்கத் துணிந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். எந்தத் தேர்ச்சி விகிதத்தில் அதைச் சேர்ப்பீர்கள்?

பள்ளிமேல் பிள்ளைகளுக்குப் பற்று இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வருத்தப்படுகிறீர்கள். ஆண்டு விழா அணிவகுப்பு ஒத்திகைக்காக மூன்று நாள் பாடம் நின்றபோது தேர்ச்சி விகிதம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. அணிக்கொரு நிறத்தில் சட்டை போட்டு, வெயிலில் உட்கார்ந்து, சொன்னபோதெல்லாம் பிள்ளைகள் கைதட்டினார்கள். யாரும் வற்புறுத்தாமல் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்த ஏழு பேரைப் பூட்டிய கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பற்று எங்கே என்று தேடுவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. மன்னியுங்கள், ஆனால் கோபம்தான்.

இன்னொன்று. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு மன்றத்துக்கும் செயலாளரைத் தேர்ந்தெடுக்க வைத்தீர்கள். நிறுத்தும்போது அவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட்டுப் பேசவில்லை. 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம் என்கிறது. ஓய்வும் விளையாட்டும் கலையும் அவர்கள் உரிமை என்கிறது 31ஆம் பிரிவு. குடிமையியல் பாடத்தில் உரிமைகளைப் பற்றிக் கேள்வி கேட்டு மதிப்பெண் போடுகிறோமே, அந்தப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சிறப்பு வகுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் மற்ற நாள்களில் வையுங்கள், என் மகளை நானே அனுப்பிவைக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி வேளை மட்டும் மன்றங்களுக்கே இருக்கட்டும். மன்றச் செயலாளர்களை ஒருமுறை அழைத்துப் பேசுங்கள். அதுவரை, வானம் தெளிவாக இருக்கும் இந்த வாரத்திலேயே அலமாரிச் சாவியைப் பொறுப்பாசிரியையிடம் கொடுக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்