வீடு கட்டப் போறவங்க கவனத்துக்கு

வணக்கம். நம்ம நகர்ல புது வீடு கட்டுறவங்க அனுமதி வாங்கிட்டு அஸ்திவாரம் தோண்டுங்க. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்று முறை, அதாவது விவரமெல்லாம் சரின்னு உரிமையாளரே உறுதி கொடுத்து அனுமதி வாங்குற முறை, இருக்கு. மனை 2500 சதுர அடிக்குள், கட்டடம் 3500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் மாடியும் மட்டும்னா ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டினால் உடனே அனுமதி கிடைக்கும். புரோக்கருக்குக் காசு கொடுக்காதீங்க, தயவுசெய்து.

பத்திரத்திலும் பட்டாவிலும் அளவு ஒண்ணா இருக்கான்னு முதல்ல பாருங்க. பழைய பத்திரங்கள்ல ஒரு அடி, ரெண்டு அடி வித்தியாசம் சகஜம். சர்வேயரை வச்சு அளந்து சரி பண்ணிட்டு அப்புறம் பதிவேற்றுங்க. தப்பான தகவலுக்கு உரிமையாளர்தான் பொறுப்பு.

வெள்ளையடிக்க, டைல்ஸ் மாத்த அனுமதி வேண்டாம். மாடி எடுக்கக் கட்டாயம் வேணும்.

ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க அலுவலகத்தில் விண்ணப்பம் போட உதவுறோம். பத்திரம், பட்டா நகலோட வாங்க.