ஃபேஜ் வேறு, கொரோனா வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி மாணவர்கள் மண்ணிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை, அதாவது ஃபேஜ்களைப் பிரித்தெடுப்பது பற்றி போன ஞாயிறு இணைப்பில் எழுதியிருந்தீர்கள். ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். 'கொடிய வைரஸ்களோடு விளையாடும் மாணவர்கள்' என்ற வரி வந்ததும் மனசு விட்டுப்போனது. பக்கத்தில் முள்முள்ளாகக் கொரோனா படம் வேறு.

நான் தர்மபுரி மாவட்டத்தில் கௌரவ விரிவுரையாளர். எங்கள் ஆய்வகத்தில் ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கருவி) ரிப்பேராகி ஒன்றரை வருஷம், பிரஷர் குக்கரை வைத்துத்தான் ஓட்டுகிறோம். பென்னாகரம் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி, வீட்டு ஆட்டுப்பட்டி மண்ணை ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தாள். கரைத்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, நோய் உண்டாக்காத ஈ.கோலை பாக்டீரியாவோடு கலந்து, கிருமி வளர்க்கும் அகார் தட்டில் ஊற்றினோம். இரண்டு முறை ஒன்றுமில்லை. மூன்றாவது முறை, மறுநாள் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், பாலாடை மாதிரி பாக்டீரியா படர்ந்த தட்டில் குண்டூசித் தலையளவு தெளிந்த புள்ளிகள். ஃபேஜ் புகுந்து பாக்டீரியாவை வெடிக்கவைத்த இடங்கள் அவை. 17 புள்ளி, நாலு தடவை எண்ணினாள்.

திங்கட்கிழமை அவள் அப்பா போன் செய்தார். "மேடம், எம்புள்ளைய வெச்சு வைரஸ் வளக்கறீங்களாமே?" எவ்வளவோ சொன்னேன். அவள் இன்னும் ஆய்வகப் பக்கம் வரவில்லை.

ஃபேஜ் தாக்குவது பாக்டீரியாவை மட்டும்தான், மனிதச் செல்லை அல்ல என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று 1896-லேயே ஹான்கின் என்ற பாக்டீரியா ஆய்வாளர் எழுதினார்; அது ஃபேஜின் வேலையாக இருக்கலாம் என்று பின்னால் கருதினார்கள். 2010-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி, அழுகின கத்தரிக்காயின் அடியிலிருந்து ஒரு ஃபேஜை எடுத்தார். எந்த மருந்துக்கும் மசியாத கிருமியோடு லண்டனில் போராடிய 15 வயதுப் பெண்ணுக்குக் கொடுத்த மூன்று ஃபேஜ்களில் அதுவும் ஒன்று. 2019-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கத்தரித் தோட்டம் இல்லையா, கைதான் இல்லையா?

ஆனால் எங்கள் மாவட்டம் என்றாலே 'பின்தங்கிய' என்று முன்னால் ஒட்டாமல் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்தால் மட்டும் பெரிய படம். குடிநீர் ஃப்ளோரைடு, பிள்ளைகளின் பல்லில் கறை பற்றி மூன்று வருஷம் முன்பு நான் எழுதினது நாலு வரியாகச் சுருங்கி வந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

இப்போது கேட்பது ஒன்றுதான். அதே பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள், கொரோனாவுக்குப் பதில் பல முகத் தலையும் சிலந்திக் கால்களுமான ஃபேஜ் படத்தோடு. அதை வெட்டி எடுத்துக்கொண்டு நானே அந்த அப்பாவைப் போய்ப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
தர்மபுரி மாவட்டம்